யாருடைய பயணத்துக்குச் செய்த ஹெட்போன்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளியில் ஞாயிறு என்றால் சந்தை. ஆட்டுக்காரர்களுக்கும் லோடு வண்டிகளுக்கும் நடுவில் புகுந்து, காய்கறிப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க கம்ப்யூட்டர் ஆளு. பஸ்ல போட்டுக்க ஒரு ஹெட்போன் வாங்கணும். எது நல்லாருக்கும்? ஆயிரத்தைந்நூறு ரூபாக்குள்ள."

அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைன். போச்சம்பள்ளியிலேயே சிப்காட் இருக்கிறது. ஓலா நிறுவனம் 2020 டிசம்பரில் அரசோடு ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷமே மின்சார ஸ்கூட்டர் ஆலையைத் திறந்ததும் இங்கேதான். ஆனாலும் இவளுக்குக் கிடைத்த வேலை ஓசூரில். கம்பெனி பஸ் வீட்டுக்குப் பக்கத்து மெயின் ரோட்டில் ஏற்றிக்கொள்கிறது. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரு பிராண்டு பெயர். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நான் "ஒரு வாரம் டைம் குடு பாப்பா" என்றேன். அக்கா உள்ளேயிருந்து, "அவன்கிட்ட கேட்டியா? இனி வாங்கின மாதிரிதான்" என்றாள்.

ஒரு வாரம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் தள்ளி வரும். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. பேர் சொல்லும்படியான ஹெட்போன் ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கேயோ உட்கார்ந்தோ நடந்தோ எதையோ கேட்க முடியாமல் தவித்த ஒரு ஆள் இருக்கிறார். அவருடைய இடத்துக்கு ஏற்ற மாதிரிதான் அந்தக் கருவி அமைந்திருக்கிறது. அதனால் "எது நல்ல ஹெட்போன்" என்று கேட்பதைவிட, "இது யாருடைய பயணத்துக்குச் செய்தது, என் பயணம் அந்த மாதிரியா" என்று கேட்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

தோளில் சுமந்தது, தலையில் ஏறியது

ஆரம்பத்தில் இது பயணத்துக்கான பொருளே கிடையாது. 1880களில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர்கள் பயன்படுத்திய கருவி தோளில் சுமக்கும் சாதனம். எடை 4 கிலோவுக்கு மேல். 1895 முதல் லண்டனில் எலக்ட்ரோபோன் என்றொரு சேவை நடந்தது. நாடக அரங்கிலும் சர்ச்சிலும் மைக் வைத்து, டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு ஒலியை அனுப்புவார்கள். சந்தாதாரர் டாக்டரின் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒன்றைக் காதில் வைத்துக் கேட்பார். அது வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கானது.

தலைக்கு மேல் பட்டை, இரண்டு காதுக்கும் ஒவ்வொரு ரிசீவர் என்று இன்றைக்கு நமக்குத் தெரிந்த வடிவத்தைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நத்தானியேல் பால்ட்வின். சர்ச்சில் நடக்கும் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்பதில் ஆரம்பித்தது அவருடைய முயற்சி என்பார்கள். 1910-ல் அமெரிக்கக் கடற்படை அவருடைய கருவியைச் சோதித்துப் பார்த்து ஆர்டர் கொடுத்தது. வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்ததால், ஒரு தடவைக்குப் பத்து செட்டுக்கு மேல் ஆர்டர் எடுக்க அவரால் முடியவில்லை. கடற்படைக்கு வேண்டியிருந்தது பாட்டு இல்லை. இரைச்சலான கப்பலில் மெல்லிய ரேடியோ சிக்னலைப் பிடிக்க வேண்டும்; கேட்பவர் நாற்காலியை விட்டு எழ மாட்டார்.

பாட்டுக்காகவே செய்த ஸ்டீரியோ ஹெட்போன் 1958-ல் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் ஜான் காஸ் செய்தது. அதுவும் வீட்டுக்குள் கேட்கத்தான். காதை முழுசாக மூடும் கோப்பைகள், கனம்.

1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலைக் கொண்டுவந்தது. காதை மூடாமல், மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் வழியாக ஒலி உள்ளேயும் வெளியேயும் போய் வரும்படி விட்டார்கள். எடை சுமார் 135 கிராம். ஒரு கோடிக்கு மேல் விற்றது. இதை 'திறந்த' வகை என்பார்கள். காற்றோட்டம் இருக்கும், காது வேர்க்காது, ஒலியும் இயல்பாக இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: சுற்றிலும் அமைதியாக இருக்க வேண்டும். கதவே இல்லாத அறை மாதிரி. நம் பாட்டு வெளியே போகும், வெளிச்சத்தம் உள்ளே வரும்.

இந்தக் 'கதவு' விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதுதான்.

1979: டோக்கியோவில் ஒரு பஸ்

சோனி நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மசாரு இபுகா அடிக்கடி நீண்ட விமானப் பயணம் போகிறவர். பாட்டுக் கேட்க அப்போது சோனியிடம் இருந்த ஸ்டீரியோ ரெக்கார்டர் தூக்கிச் சுமக்கக் கனம். பத்திரிகைக்காரர்களுக்கென்று சோனி விற்றுவந்த 'பிரஸ்மேன்' என்ற குட்டி ரெக்கார்டரை எடுத்து, ரெக்கார்ட் செய்யும் பகுதியைக் கழற்றிவிட்டு ஸ்டீரியோவில் கேட்கும்படி மாற்றித் தரச் சொன்னார். செய்து கொடுத்தார்கள். அதைப் பார்த்த அக்கியோ மொரிட்டா, இதைப் பொருளாகவே விற்கலாம் என்றார். ரெக்கார்ட் செய்ய முடியாத டேப்ரெக்கார்டரை எவன் வாங்குவான் என்று கம்பெனிக்குள்ளேயே பேச்சு.

வாக்மேன் 1979 ஜூலை 1-ல் கடைக்கு வந்தது. விலை 33,000 யென். முதலில் 30,000 செய்தார்கள். ஜூலையில் சுமார் 3,000-தான் போனது. ஆகஸ்ட் முடிவதற்குள் மொத்தமும் தீர்ந்துவிட்டது.

வாக்மேன் என்றதும் நமக்கு அந்த நீல நிறப் பெட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் கையடக்க டேப் பிளேயர் அதற்கு முன்பே இருந்தது. புதுசாக இருந்தது கூட வந்த ஹெட்போன். அந்தக் காலத்து சாதாரண ஹெட்போன் 300 முதல் 400 கிராம் வரை இருக்கும். சோனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேறொரு குழு அப்போதுதான் 50 கிராமில் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. வாக்மேன் பெட்டியே 400 கிராமுக்கும் குறைவு. பழைய ஹெட்போனைக் கூட வைத்திருந்தால் பெட்டியும் ஹெட்போனும் ஒரே கனம் ஆகியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க எவனும் முன்வந்திருக்க மாட்டான். இரண்டு குழுக்களின் வேலையும் ஒரே நேரத்தில் சந்தித்ததுதான் அதிர்ஷ்டம்.

அறிமுக விழாவும் வேடிக்கையானது. பத்திரிகையாளர்களை பஸ்ஸில் ஏற்றி டோக்கியோவின் யோயோகி பூங்காவுக்குக் கூட்டிப் போய், ஆளுக்கு ஒரு வாக்மேனைக் காதில் மாட்டிவிட்டார்கள். விளக்கவுரையே கேசட்டில் ஓடியது. அவர்களைச் சுற்றிலும் சோனி ஆட்கள் வாக்மேனோடு சைக்கிளும் ஸ்கேட்டும் ஓட்டிக் காட்டினார்கள்.

இன்னொரு சங்கதி. முதல் வாக்மேனில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது, பெயர் 'ஹாட்லைன்'. அதை அமுக்கினால் பாட்டுச் சத்தம் குறையும், பெட்டியில் இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். மொரிட்டா வீட்டில் சோதனை மாடலைப் போட்டுக் கேட்டபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்கு வருத்தமாம். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் இரண்டு துளை, ஒரு பொத்தான். வாங்கினவர்களோ தனியாகத்தான் கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் காணாமல் போனது.

வாக்மேனின் யோசனை தன்னுடையது என்று வழக்குப் போட்டவரும் உண்டு. ஆந்திரியாஸ் பாவெல், ஜெர்மனியில் பிறந்து பிரேசிலில் வளர்ந்தவர். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் 'ஸ்டீரியோபெல்ட்' என்ற கருவிக்கு 1977-ல் இத்தாலியில் காப்புரிமை கேட்டார். அதை அவர் முதல்முதலாகப் போட்டுக் கேட்டது 1972-ல், சுவிட்சர்லாந்து மலையில், பனி கொட்டும் காட்டுக்குள். பல வருஷ வழக்குக்குப் பிறகு 2000களின் ஆரம்பத்தில் சோனி அவரோடு சமரசம் செய்துகொண்டது.

ஒருத்தருக்குப் பனிக்காடு, இன்னொருத்தருக்கு பூங்காவும் டோக்கியோ ரயிலும். ஜப்பான் ரயிலில் சத்தமாகப் பேசுவதே தப்பு. பிற்பாடு அங்கே எழுந்த புகாரே, பக்கத்து ஆளின் ஹெட்போனிலிருந்து கசியும் 'ஷக்கஷக்க' சத்தம் தொல்லை என்பதுதான். கசிவது காதில் விழும் அளவுக்கு அந்த ரயில் பெட்டி அமைதி. கதவில்லாத அந்த 50 கிராம் ஹெட்போன் அங்கே பிறந்தது.

நம்ம பஸ்ஸில் ஏற்கெனவே பாட்டு ஓடியது

வாக்மேன் பிறந்த வருஷம்தான் நானும் பிறந்தேன். நம் பக்கத்தில் ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். அந்த முறை 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. வாக்மேன் நமக்கு வந்தது சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்களின் பெட்டியில். இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைக்க 1960களின் கடைசியில் பீச் ஸ்டேஷன் பக்கம் உருவான கடைவரிசை அது.

அதோடு இன்னொரு வித்தியாசம். டோக்கியோக்காரர் இல்லாத பாட்டைப் பயணத்துக்குள் கொண்டுவர வாக்மேன் வாங்கினார். நம் பஸ்ஸில் பாட்டு ஏற்கெனவே இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் தனியார் பஸ்களில் டிரைவர் தலைக்கு மேல் டேப், பஸ் நெடுக ஸ்பீக்கர். 'அந்த வண்டியில பாட்டு நல்லாருக்கும்' என்று ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஓசூர்ப் பக்கம் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பஸ்ஸில் ஓடும். இங்கே ஹெட்போன் போடுகிறவன் பாட்டைத் தேடிப் போகவில்லை. ஒரு பாட்டிலிருந்து தப்பித்து இன்னொரு பாட்டுக்குப் போகிறான். இன்ஜின், ஏர் ஹாரன், ஆடுகிற ஜன்னல் கண்ணாடி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தாண்டி அவன் பாட்டு கேட்க வேண்டும்.

என் முதல் வாக்மேன் 1998-ல். சேலத்தில் பி.இ. படித்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத கம்பெனி, ஹாஸ்டல் நண்பனிடம் செகண்ட் ஹேண்ட். கறுப்பு ஸ்பாஞ்ச் வைத்த ஹெட்போன். ஆறு மாசத்தில் ஸ்பாஞ்ச் பொடிப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். அப்புறம் பின் பக்கத்து ஒயர் உள்ளுக்குள் அறுந்து ஒரு பக்கம்தான் பாடும். ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் வரும். சேலத்திலிருந்து ஊர் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வருவேன்.

2001-ல் பெங்களூரில் வேலை. அதே வருஷம் அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. வெள்ளை இயர்போன் உலகம் முழுக்கப் பரவியது. தலைப்பட்டை இல்லாமல் காதுக்குழியில் உட்காரும் இந்த வகையை சோனி 1982-லேயே கொண்டுவந்துவிட்டது. ஐபாட் வாங்க வசதியில்லாமல், நான் அதே மாதிரி இயர்போன் வைத்த எம்.பி.3 பிளேயர் வாங்கினேன். இதுவும் கதவில்லாத வகைதான். காதுக்குள் உட்காரும், ஆனால் அடைக்காது. வாரம் ஒரு தடவை ஊர், தினமும் ஓசூர் ரோட்டில் ஆபீஸ். சில்க் போர்டு டிராபிக்கில் வால்யூம் முழுசாக வைத்தால்தான் கேட்கும். வைத்தேன். இருபது வருஷம் வைத்தேன்.

சிள்வண்டு

ஒரு வாரம் டைம் கேட்ட காரணம் இதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஊரில் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தேன். சிள்வண்டு கத்திக்கொண்டிருந்தது. பாரூர் ஏரிப் பக்கம் மழைக்குப் பிறகு அப்படிக் கத்துவது வழக்கம். சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் பெங்களூர் வந்தேன். எட்டாவது மாடி, ஜன்னல் எல்லாம் சாத்தி, ராத்திரி ஒரு மணி. சிள்வண்டு இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், இடது காதில் அதிகம். சத்தத்தால் கெட்ட காது இந்த இடத்தில்தான் முதலில் இறங்கும் என்றார். "என்ன வேலை? மில்லா, பவுண்டரியா?" என்று கேட்டார். சாப்ட்வேர் என்றேன். "ஹெட்போனா?" என்றார். அவ்வளவுதான். ஹெட்போன் மட்டும்தான் காரணமா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் உள்காதில் இருக்கும் அந்த நுண்மயிர்ச் செல்கள் ஒருதடவை போனால் மறுபடி முளைக்காது என்பது உறுதி. இப்போது கூட்டத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் 'ச', 'த' எல்லாம் எனக்கு ஒன்றுபோல் கேட்கிறது.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். டெசிபல் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. 3 கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

அக்கா மகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம், வாரத்துக்கு 21. நான் வைத்த மாதிரி 90-ல் வைத்துக் கேட்டால், திங்கட்கிழமையே மூன்றரை மணி நேரம் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலை பஸ் கிருஷ்ணகிரி போய்ச் சேர்வதற்குள் அந்த வாரத்துக் கோட்டா காலி. இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருக்கிறது. இதில் ஆலைக்குள் கேட்கும் சத்தத்தை நான் சேர்க்கவே இல்லை. அந்தக் காதுக்குப் பஸ்ஸில்தான் ஓய்வு கிடைக்க வேண்டும்.

அவள் 90-ல் வைப்பாளா? ஒரு சனிக்கிழமை அதே ரூட்டில் பஸ் ஏறி, போனில் இருக்கும் ஒரு அளக்கும் ஆப்பை ஓடவிட்டேன். துல்லியமான கருவி கிடையாது, தோராயம்தான். 76-க்கும் 82-க்கும் நடுவில் ஆடியது. பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அதற்கு மேலே நிற்க வேண்டும். கதவில்லாத இயர்போன் என்றால் தானாகவே 85, 90-க்குப் போய்விடும். யாரும் காதைக் கெடுத்துக்கொள்ள நினைத்து வால்யூம் கூட்டுவதில்லை. பஸ் கூட்ட வைக்கிறது.

கதவு போட்டவர்கள்

இதற்குத் தீர்வு இரண்டு வழியாக வந்தது.

முதல் வழி, அடைப்பது. அமெரிக்காவில் மீட் கில்லியன் என்பவர் காது கேளாதோர் கருவித் துறையில் வேலை செய்த பொறியாளர். அவருடைய எடிமாட்டிக் நிறுவனம் 1991-ல் காதுத் துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும் இயர்போனைக் கொண்டுவந்தது. இன்றைக்கு 300 ரூபாய் இயர்போனிலும் இருக்கும் ரப்பர் முனை அந்த வழியில் வந்ததுதான். ரப்பர் சரியாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் 15, 20 டெசிபல் இறங்கும். பாட்டையும் அவ்வளவு இறக்கலாம். கேட்காத காதுக்காக உழைத்த துறை, கேட்கிற காதைக் காப்பாற்றும் பொருளைக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது வழி, சத்தத்தைச் சத்தத்தால் அழிப்பது. வரும் ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஜெர்மானியரான பால் லூயெக் இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைக் காதில் மாட்டும் பொருளாக்கியவர் அமர் போஸ். அப்பா வங்காளத்திலிருந்து சுதந்திரப் போராட்டக் காலத்தில் அமெரிக்கா போனவர். 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டன் வரும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறி ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989-ல் வந்தது. பயணிகள் வாங்கும் மாடல் வர 2000 ஆனது.

இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு. நீண்ட அலைகளை நன்றாக அழிக்கும். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலை மூன்று மீட்டருக்கு மேல் நீளம்; எதிரலையைச் சரியாகப் பொருத்தலாம். 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலை 11 சென்டிமீட்டர்தான். கொஞ்சம் பிசகினாலும் பொருந்தாது. விமான இன்ஜின், டயர், பஸ் இன்ஜின் உறுமல் எல்லாம் முதல் வகை. பேச்சும் கிறீச்சென்ற பிரேக்கும் அந்த அளவுக்கு அழியாது.

2019-ல் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ வந்தபோது, வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் ஒரு வசதியைப் பெரிதாகக் காட்டினார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1979-ன் ஆரஞ்சு பொத்தான்தான் அது. நாற்பது வருஷம் கழித்து திரும்பி வந்திருக்கிறது.

போச்சம்பள்ளி பயணம்

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அவளுடைய பயணத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். சத்தமான பஸ், 21 மணி நேரம். பாதி நேரம் தூக்கம். செகண்ட் ஷிப்டு முடிந்து வந்தால் ராத்திரி மெயின் ரோட்டில் இறங்கி அரை கிலோமீட்டர் நடை, தெருவிளக்கு பாதி எரியாது, பின்னால் லாரி வரும். போனில் பழைய 3.5 மி.மீ. துளை இருக்கிறது.

எழுதிப் பார்த்ததும் பாதி மாடல்கள் தானாகக் கழன்றன. காதுக்குழியில் அடைக்காமல் உட்காரும் வகை வேண்டாம். பஸ்ஸுக்கு அது கதவில்லாத வீடு. தலைக்கு மேல் போடும் பெரிய வகை ஜன்னலில் சாய்ந்து தூங்க விடாது. ஒயரே இல்லாத குட்டி வகை, தூக்கத்தில் ஒன்று விழுந்தால் பஸ் சீட்டுக்கு அடியில் போய்விடும். கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் நல்ல யோசனை. விழாது, யாராவது கூப்பிட்டால் கழற்றிக் கழுத்தில் விடலாம். ஆனால் இன்னொரு சார்ஜ் கவலை. மிச்சம் இருந்தது ரப்பர் முனை வைத்த சாதாரண ஒயர் இயர்போன். மூன்று அளவு ரப்பர் கூடவே வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பாட்டு ஓடாதபோதே வெளிச்சத்தம் அமுங்குகிற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் கிடையாது. ரோட்டில் இறங்கியதும் இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட வேண்டும். அதில் பேச்சே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சரி மாமா. ஆனா நான் தனியாக் கேக்கறதில்ல. பக்கத்து சீட்டுல மத்தூர்ப் பொண்ணு ஒண்ணு வருது. ஆளுக்கு ஒரு காதுல மாட்டிக்குவோம்."

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு காதில் மாட்டினால் இன்னொரு காது பஸ் சத்தத்துக்குத் திறந்து கிடக்கும். அதை ஜெயிக்க வால்யூம் ஏறும். அடைக்கிற இயர்போன் வாங்கியும் பிரயோஜனம் இல்லை. "தனித்தனியாக் கேளுங்களேன்" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவளுக்குப் பாட்டு முக்கியமா, அந்தப் பெண் முக்கியமா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

அப்போதுதான் முதல் வாக்மேனின் இரண்டு துளை ஞாபகம் வந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு மொபைல் கடையில் ஒரே மாதிரி இரண்டு ஒயர் இயர்போன் வாங்கினோம், ரப்பர் முனையோடு. கூடவே ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் குட்டி ஒயர். மூன்றும் சேர்த்து 1,100 ரூபாய். கடைக்காரர் பிரிப்பான் ஒயரைத் தேடித் தூசி தட்டி எடுத்தார். "இதெல்லாம் இப்ப யாருங்க சார் கேக்கறாங்க" என்றார்.

போனில் வால்யூம் வரம்பு வைக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தேன். திரும்பும்போது 'ஹாட்லைன்' பொத்தான் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்கு மாமா பொத்தான்? பக்கத்துல இருக்கறவ தோள்ல தட்டினா போதுமே" என்றாள்.

போன வாரம் பேசினேன். வால்யூம் பாதிக்கும் கீழேயே நன்றாகக் கேட்கிறதாம். பாதி நாள் பாட்டே போடாமல், வெறுமனே மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறார்களாம்.